ஏழுக்கு முன்னால் ஒரு குறி

ஒரு கோடு போட்டால் போதும், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. போடாவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?

கண்டோன்மென்ட் பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் அறையில், மாணவி அருளம்மாளின் விடைத்தாள்மேல் கணக்கு ஆசிரியை ஜூடித்தின் சிவப்புப் பேனா நின்றிருந்தது.

"இன்னும் என்ன யோசனை?" தலைமையாசிரியை நோரா எதிரே வந்து உட்கார்ந்தார். "√49க்கு கூட்டல் ஏழு, கழித்தல் ஏழுன்னுதான் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் விடை அனுப்பியிருக்கார். இவ வெறும் ஏழு எழுதியிருக்கா. மார்க் கிடையாது."

"எந்த எண்ணோட வர்க்கம் 49னு கேட்டிருந்தா ரெண்டும் சரி, மேடம். வர்க்கமூலக் குறி போட்டுக் கேட்டா கூட்டல் ஏழு மட்டும்தான். இவ எழுதினதுதான் சரி."

"இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு வராதுன்னு நீ போய்ச் சொல்லப் போறியா? வேலை இருக்குமா உனக்கு?"

"ஒரு மார்க்கில் அருளம்மாளுக்கு ஸ்காலர்ஷிப் போயிடும். அவ அப்பா மில்லுக்கு அனுப்பிடுவார்."

"போனா அடுத்தவளுக்குக் கிடைக்கும். சும்மனே கோடு போட்டுட்டு எழுந்திரு."

ஜூடித் அந்த விடையை மறுபடி படித்தாள். நோரா குரலைத் தணித்தார்.

"பைத்தியமா உனக்கு? அடுத்தவ யாரு? உன் மேபல்தானே! புருஷன் இல்லாத வீட்டில் அவளை எப்படிப் படிக்க வைப்பே? பெத்த பொண்ணுக்குத் தானா வர்றதை எந்தத் தாயாவது தள்ளுவாளா?"

ஜூடித் அருளம்மாளின் ஏழுக்குப் பக்கத்தில் ஒரு மார்க் போட்டாள்.

"மேபல்கிட்ட நானே சொல்லிக்கிறேன், மேடம்."