பத்தாயிரமாவது கன்று

மின்சாரம் போனால் போதும், அகமது மீரானின் ஜவுளிக்கடை ஜெனரேட்டர் கக்கும் புகையில் எதிரே இருக்கும் பாளையங்கோட்டை பஸ் நிறுத்தமே கறுத்துப்போகும். ஒரு பத்திரிகை அதைப் படத்தோடு போட்டுவிட்டது. மீரானுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

மறுநாளே அறிவித்தார்: "இனி துணி எடுக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரக்கன்னு. நம்ம புகையை நம்ம மரமே குடிச்சிரும்."

கன்று கொண்டுவரும் பொறுப்பு ஏரல் ஊரிலிருந்து வந்து கன்று விற்கும் கோமுவுக்கு. அவள் ஒருநாளும் தவறவில்லை. இரண்டே வருஷத்தில் பத்தாயிரம் ஆயிற்று. பூரித்துப்போன மீரான் கடைவாசலில் மேடை போட்டு, ஊரையே கூட்டி, கோமுவுக்குச் சால்வை போர்த்தினார்.

"இத்தனை கன்னையும் எங்கன வச்சு வளக்கே தங்கச்சி? பெரிய தோப்பு இருக்குமோ?"

"தோப்பெல்லாம் ஏது மொதலாளி. மொத மாசம் கொண்டாந்த முந்நூறு கன்னுதான்."

"பொறவு?"

"துணி எடுத்தவுக பஸ் வந்ததும் கன்னை நிறுத்தத்துலயே போட்டுட்டு ஏறிப் போயிருதாவ. சாயந்தரம் நான் பொறுக்கி, தண்ணி ஊத்தி, திரும்பக் கொண்டாருதேன். ஒண்ணைக்கூட சாக விடல."

மீரான் அவள் பக்கம் குனிந்தார். "ஒருத்தராச்சும் நட்டாவளா?" என்று பைய கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க மொதலாளி, மைக் போட்டிருக்கு."

மீரான் பதறிக் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தக்கூட இல்லை. அத்தனை பேரும் அவர் கடையில் துணி எடுத்தவர்கள்.