மனைவிக்கு இரண்டு நாள் விடுப்பு

பெரியவர் பண்ணைக்குள் நுழைந்தபோது, அவர் மனைவி தக்காளிப் பாத்திக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் உறை. தலையில் யாருடையதோ ஒரு தொப்பி.

இயற்கை விவசாயப் பண்ணை. தொண்டர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அவர்தான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இருந்துவிட்டார்.

ஐந்து வாரமாக, அவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று உறவினரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இன்று காலை, அண்ணன் பேத்தியின் கல்யாணத்துக்கு அந்தத் தங்கையே வந்து இறங்கிவிட்டாள். கூடத்தில் பத்துப் பேர் இருக்க, "அக்கா எங்க அத்தான்?" என்றாள்.

"குளிச்சிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு அவர் முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

நொடித்த காலத்திலும் அடுத்தவர் வாசலில் போய் நிற்காத குடும்பம். அந்தக் குடும்பத்து மருமகள் இங்கே குனிந்து நின்றாள்.

"சோத்துக்கும் படுக்கிற இடத்துக்கும் ஊரான் வயல்ல உழைக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? வீட்டுல என்ன குறை வச்சேன்?"

அவள் நிமிர்ந்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாத்தை மிதிக்கிறீங்க."

தள்ளி நின்றார்.

"நாளன்னைக்குக் கல்யாணம். கிளம்பு."

"எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. நடுவுல வேணும்னா அங்க கேக்கணும்" என்று கொட்டகையைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்தாள்.

பெரியவர் கொட்டகைக்குப் போனார். அங்கே வரிசை. அவருக்கு முன்னால் ஒருவர் உடைந்த மண்வெட்டிப் பிடியோடு நின்றார். வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத பெரியவர், தன் மனைவிக்கு விடுப்புக் கேட்க அந்த ஆளுக்குப் பின்னால் நின்றார்.

பண்ணையை நடத்தும் பெண்ணுக்கு அவர் பேத்தி வயதுதான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கோப்பைப் புரட்டினாள். அவர் மனைவியின் விண்ணப்பத்தை எடுத்து, "இவங்கதானே?" என்று அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மளிகைச் சீட்டில் மட்டுமே அவர் பார்த்திருந்த கையெழுத்து.

முன் அனுபவம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: சாப்பாட்டுக்கும் தங்க இடத்துக்கும், நாற்பத்திரண்டு வருடம்.

அதற்குக் கீழே, எடுத்த விடுமுறைகள்: பிரசவத்துக்கு இரண்டு முறை.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"இவங்கதான்" என்றார்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க ஐயா. ரெண்டு நாள் எழுதிக்கிறேன். திரும்ப எப்பக் கொண்டாந்து விடுவீங்க?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. திரும்பவா என்று கேட்க வாயெடுத்தார். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், உறையைக் கழற்றியபடி அவர் மனைவி வந்து நின்றாள்.

நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் மாற்ற முடியாது. அவரால் முடியாது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்" என்றார், பெண் வீட்டாருக்குச் சொல்வதுபோல.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

"அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கணக்குச் சொல்லணும். ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா?"

பெரியவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.