ஏச்சு

தானாக ஓடும் எங்கள் வண்டி மோதி, தங்கப்பழம் என்ற கொத்தனார் இறந்துபோனார். வண்டிக்குள் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். யார்மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பானது.

"இப்ப அவுக வீட்டுல போய் நின்னா, தப்ப ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்ப்பா," என்றான் மகன்.

"வண்டி நம்ம வீட்டு வாசல்லதானல நிக்கு. கெளம்பு."

எவர் முன்னாலும் தலைகுனியாத குடும்பம் எங்களுடையது. கொத்தனார் வீட்டு வாசலில் குனிந்து நின்றேன். "தப்பு எங்க வீட்டுதும்மா."

அவர் மனைவி என்னையே பார்த்தார். "யார ஏசன்னு தெரியாமலே இத்தன மாசம் கெடந்தேன்," என்றவர், ஏசத் தொடங்கினார்.

எங்கள் வம்சத்தில் யாரும் கேட்டிராத வார்த்தைகள். நகரப் பார்த்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மா அழுது ஓயும்வரை இருவரும் நின்று கேட்டோம்.