மரத்துக்கு முப்பது டிகிரி

"இன்னைக்கு ஆளைக் கையும் களவுமா பிடிக்கப் போறேன்" என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளி மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"உங்களை இல்ல. என் போன்சாய் மரத்துக்குத் திருட்டுத்தனமா தண்ணி ஊத்துற ஆளை."

டாக்டர் தொழிலில் இது ஒரு சௌகரியம். வாயில் பஞ்சை வைத்துவிட்டால் எதிர்க்கேள்வி வராது. பல் பிடுங்க வந்தவர்கள் பாதிப் பேர் குட்டை மரம் வளர்க்கவும் கற்றுக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள்.

பதினேழு வயது ஜூனிப்பர். உயரம் முழங்கால் அளவு, செல்லம் ஆள் உயரம். குளிருக்குப் பிறந்த மரம், இந்த வருஷ வெயிலில் மொட்டைமாடியில் கிடந்து தவித்தது. அதனால் மேலே பச்சை நிழல் வலை. தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. காற்றுக்கு ஒரு டேபிள் ஃபேன். அது மாமனார் அறையில் இருந்தது. அவருக்குத்தான் சீலிங் ஃபேன் இருக்கிறதே என்று டாக்டர் தூக்கி வந்துவிட்டார். மண்ணில் ஒரு தெர்மாமீட்டர் வேறு. அது முப்பதைத் தாண்டினால் டாக்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"அது வாயில்லா ஜீவன். எனக்குச் சுடுதுன்னு சொல்லாது. நாமதான் குறிப்பறிஞ்சு செய்யணும்" என்றார், வாய் இருந்தும் பேச முடியாமல் கிடந்தவரிடம்.

காலையிலும் மாலையிலும் மட்டும்தான் தண்ணீர் என்பது அவர் போட்ட சட்டம். ஆனால் நாலு நாளாகச் சாயங்காலம் வந்து பார்த்தால் சாக்கு சொதசொதவென்று இருக்கிறது. இரண்டு கிளைகளில் நுனி பழுத்துவிட்டது. உச்சி வெயிலில் யாரோ தண்ணீரைக் கொட்டி வேரை அழுக வைக்கிறார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் பதினேழு வருஷ உழைப்பு அடுப்புக்குத்தான் போகும்.

பகலில் மனைவி ஆபீசுக்குப் போய்விடுவாள். வீட்டில் இருப்பது மாமனார் மட்டும்தான். பஸ் ஓட்டி ரிட்டயரானவர், மகளோடு இருக்கலாமென்று வந்திருக்கிறார். போன வாரம் காலையில் டாக்டர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம்..."

"அப்புறம் மாமா. இது மரத்தோட நேரம்."

வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் மனுஷன் என்று டாக்டருக்கு இப்போதுதான் உறைத்தது.

ஒன்றரை மணிக்கு கிளினிக்கைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, பூனை நடை போட்டு மாடி ஏறினார். மொட்டைமாடித் தரையில் கால் வைத்ததும் பூனை தவளையாகிவிட்டது. துப்பறிய வந்தவர் தத்தித் தத்தி நிழல் வலைக்குள் போய் விழுந்தார்.

அங்கே மாமனார் பனியனோடு தொட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைச் சாக்கின்மேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"மாமா! என் மரத்தைக் கொல்லாம விடமாட்டீங்களா?"

மாமனார் பதறி எழுந்தார். "மண்ணுல ஒரு சொட்டு ஊத்தலை மாப்பிள்ளை. பதினொரு மணிக்கெல்லாம் சாக்கு காஞ்சிடுது. தொட்டி கொதிக்குது. நுனி ஏற்கெனவே கருகியிருந்தது, பார்க்கப் பாவமா இருந்துச்சு. அதான் குடிக்கிற தண்ணியில கொஞ்சம் சாக்கை நனைச்சேன். அது இடத்துல உட்கார்றோமே, ஏதாவது செய்யணும்ல?"

டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். சரியாக முப்பது. கோபத்தை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, இந்த வெயில்ல உங்களுக்கு இங்க என்ன வேலை? ரூம்ல படுக்கலாமே."

"படுக்க முடியலை மாப்பிள்ளை. இந்த வீட்டுல மத்தியானம் மூச்சு விட முடியற இடம் இது ஒண்ணுதான்."

டாக்டர் மண்ணிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கினார். மொட்டைமாடிக்கு நேர் கீழே மாமனார் அறை. சுவிட்சைப் போட்டார். சீலிங் ஃபேன் அசையவில்லை. தெர்மாமீட்டரைத் தலையணைமேல் வைத்து ஐந்து நிமிஷம் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தொன்று.

மறுபடி மாடிக்கு வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "ஃபேன் ஓடலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

மாமனார் சங்கடமாகச் சிரித்தார்.

"சொல்லத்தான் மூணு தடவை வந்தேன் மாப்பிள்ளை. மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தீங்க."