இரு கம்பங்களில் ஒரு கயிறு

குளவி கொட்டிய காளை, தெமோதரை மாட்டுக்கொட்டிலின் முன் துள்ளுகிறது. அதன் கழுத்தில் இரு முனைகளும் முடிச்சிட்ட நீளக் கயிற்றை, அடக்குகிற அவசரத்தில் ரஜீவ் இடக்கம்பம், வலக்கம்பம், பிறகு எதிர்த்திசையில் மறுபடியும் இடம், வலம் என்று சுற்றிவிட்டிருக்கிறான். இப்போது இடக்கம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே அவன் முழங்கை நசுங்குகிறது. காளை இழுக்க இழுக்க எலும்பு நெரிபடும் சத்தம் கேட்கிறது. மாமா மாடசாமி அந்தக் கம்பத்தையே இரும்பு அலவாங்கால் நெம்புகிறார். “அத விடுங்க மாமா! வலது கம்பத்தப் புடுங்குங்க!” என்று கத்துகிறாள், கம்பஸில் கணிதம் படிக்கும் ரஜீவின் தங்கை யசோதினி. “கை இங்க மாட்டியிருக்கு, அங்க புடுங்கச் சொல்றியா? படிச்சுப் படிச்சுப் புத்தி கெட்டுப்போச்சாடி?” ஒவ்வொரு சுற்றும் யசோதினியின் மனக்கணக்கில் ஓர் எழுத்து: இடம், வலம், இடத்தின் எதிர், வலத்தின் எதிர். நடுவில் வலம் நிற்கும்வரை இடமும் அதன் எதிரும் சேர முடியாது. வலத்தை எடுத்துவிட்டால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கயிறு எதையும் சுற்றியிராது. ரஜீவின் அலறலில் மாமா அலவாங்கை மாற்றிக் குத்துகிறார். வலக்கம்பம் மண்ணோடு பெயர்ந்து சாய்கிறது. கயிறு தொய்ந்து உருவிக்கொள்ள, ரஜீவ் இரத்தம் வழியும் கையோடு விழுகிறான். அந்தக் கணக்கில் காளைக்கு எழுத்தில்லை. இனி அதைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. கொம்பைத் தாழ்த்தி, அது யசோதினியின் பக்கம் திரும்புகிறது.