கயிற்று அறைப் பூனை

என்ஜின் நின்றுவிட்டது.

கயிற்று அறையில், சுருட்டி வைத்த வடங்களுக்கு நடுவே படுத்திருந்த திருடன் திடுக்கிட்டு எழுந்தான். கப்பலில் ஏறி ஒளிந்த நாளிலிருந்து அந்தத் தடதடப்புதான் அவனுக்குத் தாலாட்டு. அது நின்றதும் காதே கழன்று விழுந்ததுபோல் இருந்தது.

வெளியே திமுதிமுவென்று ஓடும் கால்கள். கத்தல். பிறகு அதுவும் இல்லை.

கப்பல் மூழ்கினால் முதலில் சாவது, ஏறியதே யாருக்கும் தெரியாத ஆள்தான். அவனை எவன் தேடப் போகிறான்? கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

எதுவும் மூழ்கவில்லை. மாலுமிகள், என்ஜின்காரர்கள், காலடியில் வெங்காயக் கூடையோடு சமையல்காரர் என்று மொத்தக் கப்பலும் ஒரு பக்கக் கம்பியில் சாய்ந்து, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றது.

கேப்டன் அறை ஆவென்று திறந்து கிடந்தது.

ஊரே முதுகைக் காட்டி நிற்கும் இப்படியொரு காலை, ஒரு திருடனின் வாழ்க்கையில் ஒருமுறைதான் விடியும். அவன் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின.

சாதாரணக் கால்கள் அல்ல. தொழில் வட்டாரத்தில் அவனுக்குப் பெயரே ‘காத்து’. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கடைசியாக நுழைந்த நகைக்கடையில் மட்டும் கூட வந்த மச்சான் தும்மித் தொலைத்தான். இப்போது மச்சான் சிறையில். காத்தின் படம் ஊர்ச் சுவரெல்லாம்.

தன் முகம் தெரியாத ஒரு கரையில் இறங்கி, நேற்றுப் பிறந்தவன் மாதிரி நடக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

ஆனால் கப்பல் புறப்பட்ட அன்றே கேப்டன் கர்ஜித்தது சுவர் தாண்டிக் கேட்டிருந்தது. ஒளிந்து வருகிறவன் பெற்ற அப்பனே ஆனாலும், அடுத்த துறைமுகத்தில் போலீசிடம் ஒப்படைத்துவிடுவாராம்.

அடுத்த துறைமுகத்தில் போலீஸ் வரவும் வந்தது. கயிற்று அறைக் கதவில் கை வைக்கவும் வைத்தது.

“பாத்து சார்,” என்றது அதே கேப்டனின் குரல். “உள்ள பூனை குட்டி போட்டிருக்கு. மூஞ்சியப் பேத்துடும்.”

போலீஸ் அடுத்த அறையைப் பார்க்கப் போய்விட்டது.

உயிர் திரும்பியதும் இருட்டில் துழாவித் துழாவிக் குட்டிகளைத் தேடினான். இல்லை. தாய்ப்பூனை வாயில் கவ்வி இடம் மாற்றியிருக்கும். அப்பேர்ப்பட்ட கேப்டனுக்கே பூனை என்றால் இரக்கம் வருகிறதே என்று ஆச்சரியப்பட்டான்.

அதற்கு முன்பெல்லாம், “பூனை, சாப்பாடு!” என்று சமையல்காரர் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகும் தகரத் தட்டை ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றிருந்தான். பால் கொடுக்கிற தாய் என்று தெரிந்த பிறகு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து மீனில் பாதி பூனைக்கு.

வாழ்நாளில் அவன் நேர்மையாகப் பங்கு பிரித்தது அந்தப் பூனையோடுதான். ஒருமுறைகூட அது கண்ணில் பட்டதில்லை. தன்னை மிஞ்சிய தொழில்காரி என்று அதன்மேல் மரியாதை வேறு.

கேப்டன் அறை வாசலில் கால் வைக்கப் போனான்.

அப்போது கடல் மூச்சு விட்டது.

திரும்பினான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கறுப்பு மேடு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் எழுந்தது. உச்சியில் பீய்ச்சிய நீரில் வெயில் பட்டு, ஒரு வானவில் நின்று கலைந்தது. ஒட்டிக்கொண்டே ஒரு குட்டி. அந்தக் குட்டியே ஒரு லாரி இருக்கும்.

எத்தனை பூட்டு, எத்தனை இரும்புப்பெட்டி திறந்திருப்பான்! இவ்வளவு பெரிய ஒன்றைப் பூட்டாமலே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பயலும் சொன்னதில்லையே.

அடுத்து அவன் செய்தது, தொழிலில் இறங்கியதிலிருந்து செய்திராத பிழை. கூட்டத்துக்குள் புகுந்து, முன்னால் நின்ற தோளைத் தட்டினான்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது.”

தோள் தள்ளி இடம் விட்டது.

தாய்த் திமிங்கலம் ஒருக்களித்தது. ஒரு கண். கப்பலின் அந்த முனையிலிருந்து ஒவ்வொருவராக, அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டு வந்தது. அவன்மேல் வந்ததும் நின்றது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவனுக்கு உள்ளங்கால்வரை சிலிர்த்தது. ஒளிய வேண்டும் என்றே தோன்றவில்லை.

பிறகு தாயும் குட்டியும் அமிழ்ந்தன. தண்ணீர் மூடிக்கொண்டது.

அவன் மெதுவாகப் பக்கத்துத் தோளைப் பார்த்தான். தோளில் தங்கப் பட்டைகள். அதற்கு மேலே, கேப்டனின் முகம்.

காத்தின் இரண்டு கைகளும், பழக்கதோஷம், விலங்குக்கு வாகாகச் சேர்ந்து நீண்டன.

இந்தப் பக்கத்திலிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். “ஏன்டா தம்பி, உனக்கு மீன் ஒத்துக்காதா? தினம் பாதிய மிச்சம் வச்சிடுறியே.”

“அது... குட்டி போட்ட பூனைக்குண்ணே.”

அப்புறம் கிளம்பிய சிரிப்பில் அந்தத் திமிங்கலமே திரும்பி வந்திருக்க வேண்டும்.

கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து வெங்காயக் கூடையைத் தூக்கி, நீண்டிருந்த கைகளில் வைத்தார்.

“உரி. போன தடவை வந்த பூனை இவ்ளோ நாள் எடுத்துக்கல. சட்டுனு வெளிய வந்துடுச்சு.”

அத்தனை பேரும் சமையல்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரோ, திமிங்கலம் போய்விட்ட வெறும் கடலை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.