வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நகல்

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க மேடம். வேணும்னா கால்ல கூட விழறேன்" என்றான் குமரேசன். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, அன்று காலையில் மழித்த முகம்.

ஆரணி கோர்ட்டில் நகல் பிரிவைப் பார்க்கும் குணசுந்தரி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கையிலிருந்த மனுப்படி வயது நாற்பத்து மூன்று, தொழில் பட்டு நெசவு, கேட்பது தன்னுடைய விவாகரத்துக் கேஸின் உத்தரவு. அதற்குத்தான் இத்தனை அவசரம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தமாச்சே. அதானா?"

"அங்க பேப்பர் இல்லாம ஒண்ணும் ஆவாதுன்னுட்டாங்க மேடம். ஒரு மாசமா அலைஞ்சுகினு இருக்கேன். கேஸ் நடத்துன வக்கீலும் செத்துட்டாரு."

"உஷாரான ஆளுங்கதான். அப்படித்தான் கேக்கணும், தப்பே இல்ல."

அவன் மனுவை நீட்டியபோது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி தெரிந்தது. குணசுந்தரியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அது இன்னா கையில?"

"வேலூர்ல காலைல ரத்தம் எடுத்தாங்க மேடம். அப்படியே பஸ் ஏறி வந்துட்டேன்."

"பாருங்க சார், இப்பல்லாம் மாப்பிள்ளைக்கு சுகர் இருக்குதான்னு கூட பாத்துட்டுத்தான் பொண்ணு குடுக்குறாங்க!" என்று பக்கத்து மேஜை சந்திரமோகனிடம் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். குமரேசன் சிரிக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு அவனுக்கு வேர்த்திருந்தது.

மனுவில் ஸ்டாம்பெல்லாம் சரியாக ஒட்டியிருந்தான். கேஸ் நம்பர் மட்டும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. ஏழு வருஷமாக அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். சந்திரமோகன் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ரிக்கார்டு ரூமுக்குப் போனார்.

"எதனால பிரிஞ்சீங்க?" குணசுந்தரி விடுவதாக இல்லை.

"என் குடிதான் மேடம். விட்டு அஞ்சு வருஷம் ஆவுது."

"அவ இருக்கும்போது விடல. இப்ப விட்டுட்டு ஜம்முனு நிக்கிற. அந்தப் பொண்ணு எங்க?"

"பரிமளாவா? போளூர்ல, அவங்க அண்ணன் வீட்ல." அந்தப் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து சந்திரமோகன் தூசி தட்டிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். குணசுந்தரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கடைசித் தாளுக்கு வந்ததும் நிறுத்தி, இன்னொரு முறை படித்தாள்.

"ஏம்பா, ரெண்டு பேரும் சம்மதம்னு சேந்து மனு போட்டிருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு திரும்ப வந்து ஜட்ஜு எதிர்ல சொல்லணுமே. வந்தியா?"

குமரேசனுக்கு முகம் வெளிறியது. "வக்கீல் ஒரு தேதி சொன்னாரு மேடம். தீபாவளிக்கு மூணு நாள் இருந்துச்சு. அன்னிக்கு சேலைய முடிச்சுக் குடுக்கலன்னா மொதலாளி ஊரைக் கூட்டிடுவாரு. கையெழுத்துதான் போட்டாச்சே, அவ ஒருத்தி போனா போதாதான்னு தறியிலயே குந்திகினு இருந்துட்டேன்."

"அவங்களும் வரல."

"பரிமளா வரலியா?" அவன் சடாரென்று நிமிர்ந்தான். "அவளும் வரலியா மேடம்?"

"ரெண்டு பேரும் வரல. அடுத்த வாய்தாவுக்கும் வரல, அதுக்கு அடுத்ததுக்கும் வரல. கேஸ் தள்ளுபடி. அப்புறமா வேற கேஸ் எதாவது போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப உனக்கு விவாகரத்தே ஆகல." இதைச் சொல்லும்போது குணசுந்தரிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்ததை மறைக்க முடியாது. "சட்டப்படி இன்னிக்கும் பரிமளாதான் உன் பொண்டாட்டி. இன்னொருத்தி கழுத்துல தாலி கட்டின, ஜெயில்தான். ஆமா!"

குமரேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வாசலில் வாய்தாவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

குணசுந்தரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"அழாதப்பா. பொண்ணு வீட்ல நெலமையை எடுத்துச் சொல்லு. புதுசா ஒரு மனு போட்டா சீக்கிரமே முடிச்சிக்கலாம்."

"அய்யய்யோ, மனுவெல்லாம் வேணாம் மேடம்!" குமரேசன் பதறி எழுந்தான். கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருக்க, பிளாஸ்திரி ஒட்டிய கையால் அந்தக் கடைசித் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஆஸ்பத்திரிக்கு இந்தத் தள்ளுபடி காப்பியே போதும். விவாகரத்து ஆனவன்னா கமிட்டி, விசாரணைன்னு இழுப்பாங்களாம். பொண்டாட்டின்னாதான் என் கிட்னிய அவளுக்கு உடனே வெப்பாங்களாம்!"